பழைய பிக்கப்பை 2 அங்குலம் தூக்கப் போகிறீர்களா? ஜாக்கியை எடுக்கும் முன் படியுங்கள்

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டோடு வந்த தாளில் “பொருத்த 6 மணி நேரம்” என்று அச்சடித்திருந்தது. சனிக்கிழமை காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடிந்தது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அதில் புது ஸ்பிரிங்கைத் தூக்கி மாட்டியதற்கு ஒரு மதியம்தான் ஆனது. மிச்ச நாளெல்லாம் ஒரு போல்ட்டு, ஒரு பிரேக் ஹோஸ், அலைன்மென்ட் கடைக்கு இரண்டு நடை என்று போனது.

தூக்குவது பெரிய வித்தை இல்லை. சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலையும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் கொஞ்சம் விலக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் ஹோஸ், கேபிள், கம்பி, ஷாஃப்ட் என்று பல சாமான்கள் கட்டிக் கிடக்கின்றன. விலக்கினால் அத்தனையும் இழுபடும். கிட் விற்கிறவர் ஸ்பிரிங்கைத்தான் விற்கிறார். இழுபடுவதைக் கவனிப்பது நம் பாடு.

பின்னால் கமான் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி, உள்ள பழைய நான்கு சக்கர இயக்க பிக்கப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கு முன்னாலும் கமான் பட்டைதான் என்றால் 8ஆம் படியை முன்பக்கத்துக்கும் செய்யுங்கள். 9ஆம் படியில் ஸ்டீயரிங் பற்றிச் சொல்வதை மட்டும் தவறாமல் படியுங்கள்.

1. எதற்குத் தூக்குகிறீர்கள்?

ஸ்பிரிங் மாற்றி 50 மி.மீ. தூக்கினால் சேஸிஸும் பாடியும் மேலே போகும். பின் டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவிலுள்ள கியர் உருண்டை) இருந்த உயரத்திலேயே இருக்கும். அது ஆக்சிலோடு சேர்ந்தது, ஆக்சில் நிற்பது டயர் மேல். கல்லில் இடிப்பது டிஃபரன்ஷியல்தான் என்றால் டயரைப் பெரிதாக்காமல் தீராது. 235/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 733 மி.மீ. 31 அங்குல டயர் 787 மி.மீ. வித்தியாசம் 54, அதில் பாதி, அதாவது 27 மி.மீ.தான் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கூடும். அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்ற இடம் கொடுப்பதும், மேட்டில் ஏறும்போது முன் பம்பரும் நடு வயிறும் தட்டாமல் பார்ப்பதும்தான் லிஃப்ட் செய்யும் வேலை.

பாடி லிஃப்ட் என்று ஒன்று விற்பார்கள். சேஸிஸுக்கும் கேபினுக்கும் நடுவில் கட்டை வைத்து பாடியை மட்டும் உயர்த்துவது. விலை குறைவு. டயருக்கு இடம் கிடைக்கும். சேஸிஸ் ஒரு மி.மீ. கூட உயராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு என் யோசனை 2 அங்குலத்தோடு நிறுத்துவது. அதைத் தாண்டினால் ஸ்டீயரிங், ஷாஃப்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் இன்னும் நிறையச் சாமான் வாங்க வேண்டிவரும். வண்டி உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் உயரும், வளைவில் சாயும். பழைய வேகத்தில் வளைவில் நுழையக் கூடாது.

2. சாமான் வாங்கும் முன் அளந்து எழுதுங்கள்

சமதரையில், காலி வண்டியாக, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் பிடியுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று குறைந்திருந்தால் கணக்கு தப்பும்.

இது ஏன் முக்கியம் என்றால், வயதான ஸ்பிரிங் உட்கார்ந்துபோயிருக்கும். என் வண்டியில் இடது பின்பக்கம் வலதைவிட 20 மி.மீ. தாழ்ந்திருந்தது. ஓட்டுகிற எனக்கு அது தெரியவே இல்லை. கிட்டில் சொல்லும் 50 மி.மீ. என்பது கம்பெனி உயரத்துக்கு மேல் 50. உட்கார்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் 70, 80 கூட வரும். சிலருக்குக் கம்பெனி உயரத்தில் புது ஸ்பிரிங் போட்டாலே தேவை தீர்ந்துவிடும். அளந்து பார்த்தால்தான் அது தெரியும்.

3. சேஸிஸ் தாங்குமா?

ஒரு சுத்தியல், ஒரு டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் முன் கொக்கி, பின் ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கி ஆடும் இணைப்பு) கொக்கி, அதன் ரிவெட்டுகளைச் சுற்றிய இடம், சேஸிஸ் வளைந்து ஆக்சிலுக்கு மேலே போகும் பகுதி, டார்ஷன் பாரின் பின்முனை உட்காரும் குறுக்குச் சட்டம். இங்கெல்லாம் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பேசும். உள்ளே உளுத்தது ‘தொப்’ என்று அடங்கும். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் லிஃப்ட் ஆசையை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பால் ஜாயின்ட், டை ராடு முனை, கண்ட்ரோல் ஆர்ம் (முன் சக்கரத்தைச் சேஸிஸோடு பிணைக்கும் கை) புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். லிஃப்ட் செய்தபின் அவை வேறு கோணத்தில் வேலை செய்யும். இன்று லேசாக ஆடுவது அன்று நன்றாகவே ஆடும்.

4. தாள் வேலை

இதைக் கடைசிக்கு விடுகிறவர்கள்தான் அதிகம், நானும் விட்டேன். விதி இடத்துக்கு இடம் மாறும். அதனால் வண்டி பதிவு அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மி.மீ. வரை அனுமதி, அதில் டயர் தரும் உயரமும் சேருமா? அனுமதி வேலைக்கு முன்பா, வேலை முடிந்து பரிசோதனையின் போதா? கிட்டுக்குத் தரச் சான்று கேட்பார்களா? மூன்றாவதற்கு “ஆம்” என்றால், சான்று இல்லாத மலிவு கிட்டை வாங்கிவிட்டுத் தவிக்காதீர்கள். பொருத்திய பிறகு அந்தச் சான்றை எங்கேயும் தேடிப் பிடிக்க முடியாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் “பிரச்சினை இல்லை சார்” என்று யாரோ சொன்னது விபத்து நடந்த அன்றைக்கு உதவாது. மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும் கையில் இருக்க வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: கிட்டின் ரசீது, பொருத்தும் குறிப்புத் தாள், தரச் சான்று, அலைன்மென்ட் அறிக்கை. ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும் பொறித்திருக்கும் எண்ணை மாட்டும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு அது ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டின் தகட்டுக்கு அடியிலோ சேற்றுக்கு அடியிலோ போய்விடும். பரிசோதனைக்கு வருகிறவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

வண்டியின் சர்வீஸ் மேனுவலும் வேண்டும். கிட் தாளில் பாதி போல்ட்டுகளுக்கு முறுக்கு அளவே இருக்காது.

5. எந்தக் கிட்?

பின்பக்கத்தைத் தூக்க நான்கு வழி உண்டு. மலிவானது பிளாக்: ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை. வேலை சுலபம். ஆனால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடைவெளி கூடுவதால் வேகம் கூட்டும்போது ஆக்சில் தன்னையே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஒரு பிளாக் மேல் இன்னொன்று அடுக்குவதும், முன் ஆக்சிலில் பிளாக் வைப்பதும் கூடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது முன் ஆக்சிலில் விழும் முறுக்கில் பிளாக் நழுவினால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

இரண்டாவது நீள ஷேக்கிள். இதில் எல்லாரும் ஏமாறும் கணக்கு ஒன்று உண்டு. ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் வண்டி உயர்வது ஏறக்குறைய 25தான், ஸ்பிரிங்கின் ஒரு முனையை மட்டும்தானே இறக்குகிறோம். கூடவே டிஃபரன்ஷியலின் மூக்கும் திரும்பும். மூன்றாவது, பழைய கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. களைத்துப்போன பழைய பட்டைகளோடு ஒரு புதுப் பட்டையைக் கட்டினால் பாரம் முழுவதும் அந்த ஒன்றின் தலையில்தான் விழும். நான்காவது முழுக் கட்டையும் புதிதாகப் போடுவது. பழைய வண்டிக்கு இதுதான் சரி. விலை அதிகம், ஆனால் ஒரே முறை.

முழுக் கட்டு வாங்கும்போது “எவ்வளவு பாரம் எப்போதும் இருக்கும்?” என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஏற்றும் மூட்டையை நினைத்துக் கனமான ஸ்பிரிங் வாங்கினால் மிச்ச 29 நாள் காலி வண்டி குதிரை மாதிரி குதிக்கும்.

ஷாக் அப்சார்பர் தனி விற்பனை என்றாலும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ஷாக் நீளம் போதாமல் இழுபட்டு, சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்பிரிங்கைக் கட்டிப்போடும் கயிறாகிவிடும். புது ஷாக்கில் இரண்டு அளவு பாருங்கள்: முழுக்க நீண்ட நிலை, முழுக்கச் சுருங்கிய நிலை. சக்கரம் முழுதும் மேலே வரும்போது ஷாக் அடிமுட்டும் முன் பம்ப் ஸ்டாப் ரப்பர் தாங்க வேண்டும். நீண்ட ஷாக் சுருங்கினாலும் நீளமாகத்தான் இருக்கும். அதனால் சில கிட்டுகளில் பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு துண்டுக் கட்டையும் வரும். அதைத் தேவையில்லாத சாமான் என்று தூக்கிப் போடாதீர்கள்.

6. செலவு

கிட் விலைதான் மொத்தச் செலவு என்று நினைத்துவிட்டேன். அந்த விலையில் ஏறக்குறைய பாதியை அதற்கு மேலும் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. எங்கே போனது? புது யூ போல்ட்டுகள் (கிட்டில் இல்லாவிட்டால் வாங்கியே ஆக வேண்டும், பழையவை ஏற்கெனவே இழுபட்டவை, மறுபடி போடக் கூடாது). ஸ்பிரிங் புஷ்கள், ஷேக்கிள் போல்ட்டுகள். நீளமான பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில். ஷாஃப்ட்டின் நடு பேரிங்குக்கு இறக்கு கட்டை. இரண்டு அலைன்மென்ட். அறுத்துப் பாழான பிளேடுகள்.

பெரிய டயரும் திட்டத்தில் இருந்தால் அது தனிக் கணக்கு, கிட் விலையையே தாண்டலாம். ஸ்பேர் டயரையும் சேர்த்து ஐந்தாக எண்ணுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்? டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்), பெரிய சாக்கெட் செட் போன்றவற்றை இரவல் வாங்கலாம். ஜாக்கி ஸ்டாண்டை மட்டும் இரவல் வாங்காதீர்கள், அதன் வரலாறு நமக்குத் தெரியாது.

7. ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்

வேலை நாளன்று துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டால் எதுவும் நடக்காது. ஒரு வாரம், தினம் சாயங்காலம், துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டுக்கும் அடியுங்கள். அதற்கு முன் கம்பி பிரஷால் மரையைத் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் சேற்றைத்தான் நனைக்கும். ஸ்பிரிங் போல்ட்டு, ஷேக்கிள், யூ போல்ட்டு, ஷாக், டார்ஷன் பார் திருகு.

பட்டியலில் நான் விட்டது முன் கண்ட்ரோல் ஆர்ம் கேம் போல்ட்டுகள். சக்கரக் கோணத்தை மாற்ற அலைன்மென்ட் கடைக்காரர் திருப்புவது இவற்றைத்தான். பழைய வண்டியில் இவை புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கிடக்கும். நான் முதல்முறை போனபோது இயந்திரத்தில் ஏற்றி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, “இது அசையாது, வீட்டில் விடுவித்துக்கொண்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அளந்ததற்கு மட்டும் காசு. ஆகவே இதே வாரத்தில் கேமின் நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு, நட்டைத் தளர்த்தி, போல்ட்டு கொஞ்சமாவது சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் குறித்த இடத்துக்கே கொண்டுவந்து இறுக்குங்கள்.

பிறகு நாள் கணக்கு. பின்பக்கத்துக்கு ஒரு முழு நாள், முன்பக்கத்துக்கு அரை நாள், பிரேக், ஷாஃப்ட் சமாச்சாரங்களுக்கு இன்னொரு நாள். வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கட்டும். ஞாயிறு இரவு அவசரத்தில் இறுக்கிய நட்டுகளை நான் திங்கள் காலையில் திரும்பக் கழற்றியிருக்கிறேன்.

8. பின்பக்கம்

கான்கிரீட் தரை வேண்டும். மண்ணில் ஸ்டாண்டு புதையும். பின்பக்கத்தைத் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கால் பயன் இல்லை, அது பிடிப்பது அந்தரத்தில் நிற்கும் பின் சக்கரங்களைத்தான். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டு, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டுகளைச் சேஸிஸில், ஸ்பிரிங்கின் முன் கொக்கிக்குச் சற்று முன்னால் வையுங்கள். தலையை உள்ளே விடும் முன் வண்டியைத் தோளால் ஒருமுறை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி இருக்க வேண்டும். ஆக்சிலை ஏற்றி இறக்குவது அதனால்தான்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்க யூ போல்ட்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்சில் மூக்கைக் குத்திக்கொண்டு உருளும், பிடிக்க ஆள் போதாது. ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றி, பிரேக் ஹோஸும் கேபிளும் இழுபடவில்லையே என்று பார்த்துக்கொண்டு, யூ போல்ட்டுகளை எடுத்து, ஆக்சிலை மெல்ல இறக்குங்கள்.

இப்போதுதான் அந்தப் போல்ட்டு. பெட்ரோல் டேங்க் இருக்கும் பக்கத்தில், ஸ்பிரிங்கின் முன் கொக்கியில் போல்ட்டின் தலை டேங்கைப் பார்த்து இருந்தது. டேங்க் பொருத்தும் முன் தொழிற்சாலையில் மாட்டியிருப்பார்கள். நட்டைக் கழற்றினேன், சுத்தியலால் தட்டினேன், 3 செ.மீ. நகர்ந்து டேங்கில் முட்டி நின்றது. உங்கள் வண்டியிலும் அப்படி இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். வழி இரண்டுதான். டேங்கைக் கொஞ்சம் இறக்கி நகர்த்துவது, அல்லது போல்ட்டை அறுப்பது. டேங்க் பக்கத்தில் கிரைண்டரோ கேஸ் தீயோ காட்டவே கூடாது. நான் ஹேக்சா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, புஷ்ஷுக்கும் கொக்கிக்கும் நடுவிலுள்ள சந்தில் விட்டு, எண்ணெய் விட்டு விட்டு அறுத்தேன். நான்கு பிளேடு, இரண்டரை மணி நேரம். புதுப் போல்ட்டை வெளிப்பக்கமிருந்து விட்டேன். உள்ளே நீளும் முனை டேங்கைத் தொடவில்லை என்று விரல் விட்டுப் பார்த்தபிறகுதான் நட்டைப் போட்டேன். அடுத்தமுறை சுலபமாகக் கழலும்.

புது ஸ்பிரிங் ஒற்றை ஆள் தூக்கும் சாமான் இல்லை. மாட்டும் முன் அதைத் தரையில் கிடத்தி, நடு போல்ட்டிலிருந்து இரண்டு முனைக்கும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் சமமாக இருக்காது. எந்த முனை முன்னால் என்று தெரியாமல் மாட்டினால் ஆக்சில் சக்கரக் குழியின் நடுவில் நிற்காது. புஷ் ரப்பர் என்றால் கிரீஸ் போடாதீர்கள், ரப்பர் ஊறிக் கெடும். பாலியூரித்தேன் என்றால் கிட்டோடு வரும் சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச்சிடும். போல்ட்டின் தண்டுப் பகுதியில் காப்பர் கிரீஸ் தடவலாம். மரையில் படக் கூடாது, முறுக்கு அளவு பொய்யாகிவிடும்.

ஆக்சிலை ஏற்றும்போது நடு போல்ட்டின் தலை ஆக்சில் மேடையிலுள்ள துளையில் முழுசாக உட்கார வேண்டும். பாதி உட்கார்ந்த நிலையில் யூ போல்ட்டை இறுக்கினால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். யூ போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு சுற்றில், மேனுவல் சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள். நட்டுக்கு வெளியே தெரியும் மரை நான்கிலும் சமமாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்பிரிங்கின் முன்கண், ஷேக்கிள் போல்ட்டுகளை இப்போது கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். ஏன் என்று 11இல் சொல்கிறேன்.

9. முன்பக்கம்

டார்ஷன் பாரைத் திருகினாலே முன்பக்கம் உயரும், காசே இல்லை. அதனால்தான் எல்லாரும் திருகுகிறார்கள். பார் அதனால் கடினமாவதில்லை. அதன் இயல்பு அதேதான். சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை நீங்கள் தின்றுவிட்டீர்கள், அதனால்தான் பள்ளத்தில் ‘டக்’ என்று அடிக்கிறது. 25 மி.மீ. வரை பெரும்பாலான வண்டிகள் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டிஃபரன்ஷியலை இறக்கும் கட்டை, கோணம் மாற்றிய மேல் ஆர்ம் இவை தேவை. இல்லையென்றால் முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் எப்போதும் மடங்கிய நிலையில் சுற்றி, மேலே உள்ள ரப்பர் உறை கிழியும், அப்புறம் ஜாயின்ட் போகும். அளவு தெரிய ஒரு வழி: தரையில் நிற்கும்போது மேல் ஆர்முக்கும் அதன் கீழ்த் தடுப்பு ரப்பருக்கும் நடுவில் இடைவெளி பாருங்கள். அது ஒட்டிக்கொண்டு நின்றால் அதிகம் திருகிவிட்டீர்கள்.

முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் இருக்கும்போதுதான் திருக வேண்டும். பாரத்தோடு திருகினால் திருகின் மரை உரியும். முதலில் திருகில் வெளியே தெரியும் மரையை மி.மீ. கணக்கில் எழுதுங்கள், பாரிலும் அது உட்காரும் பிடியிலும் ஒரே கோடாகப் பெயின்ட் இழுங்கள். திரும்பி வர வழி அதுதான். பாரைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் திருகை முழுதும் தளர்த்துங்கள்; அதில் அடங்கியிருக்கும் விசை எலும்பை முறிக்கும். இடது பார், வலது பார் மாறக் கூடாது, முனையில் குறி இருக்கும்.

இரண்டு சுற்று திருகி, இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, முன்பக்கத்தை நாலுமுறை அழுத்தி ஆட்டிவிட்டு அளந்து பாருங்கள். உருட்டாமல் அளந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் உயரம் காட்டும். நான் இந்த உருட்டலைத் தெரியாமல் விட்டு ஒரு மணி நேரம் திருகோடு மல்லுக்கட்டினேன்.

முன்னால் கமான் பட்டை உள்ளவர்களுக்கு: ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி சரிந்து நிற்கும். அது அதிகம் சரிந்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும். அந்தக் கம்பியை ஸ்டீயரிங் பாக்ஸோடு இணைக்கும் கையான பிட்மன் ஆர்மை இறக்கமானதாக வாங்கிப் போடுங்கள்.

10. நடுவில் தொங்குகிறவை

ஆக்சிலை முழுதும் கீழே தொங்கவிட்டு இதைப் பாருங்கள். தரையில் நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தால் நீளமானது வேண்டும். முன்பக்க ஹோஸை ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். இரும்புக் குழாயோடு சேரும் நட்டை சாதா ஸ்பேனரால் திருகினால் முனை உருண்டுபோகும், அதற்கென்று உள்ள பிரேக் குழாய் ஸ்பேனரை வாங்கிவிடுங்கள். ஹோஸ் மாற்றினால் காற்று வெளியேற்றியே ஆக வேண்டும்.

பல பழைய பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேஸிஸிலுள்ள பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறினால் வண்டி தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். இதைப் பற்றி என் கிட் தாளில் ஒரு வரி கூட இல்லை. லிஃப்ட் செய்ததும் ஆக்சில் தூரமாகப் போகிறதா, வால்வு “வண்டி எப்போதும் காலி” என்று நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பலவீனமாகி முன் பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்கும். கம்பியின் ஆக்சில் பக்க முனையை, வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு உயர்த்தும் ஒரு சிறு பிராக்கெட் போதும். பிறகு மேனுவலில் சொன்னபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யும் வரை வண்டியில் பாரம் ஏற்றாதீர்கள்.

டிஃபரன்ஷியலின் காற்றுக்குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர்: ஒரு நிமிட வேலை, பாருங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்து நடுவில் பேரிங்கில் தொங்கினால், புறப்படும்போது குறைந்த வேகத்தில் தரை அதிர்வது போலத் தெரியும். நடு பேரிங்கைக் கொஞ்சம் இறக்கும் கட்டை அதற்குத்தான். ஒரே துண்டு ஷாஃப்ட் என்றால் கியர்பாக்ஸின் வெளிவாய்க் கோணமும் டிஃபரன்ஷியல் மூக்கின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கோணமானி வைத்து அளக்கலாம். தவறினால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரியான தகடு வைப்பார்கள். இரும்பில் வாங்குங்கள், வார்ப்பு அலுமினியம் விரிசல் விடும்.

11. தரையில் இறக்கி இறுக்குவது

ரப்பர் புஷ் சுற்றுகிற சாமான் இல்லை, முறுக்கேறுகிற சாமான். ஆக்சில் தொங்கும்போது ஷேக்கிள் போல்ட்டை இறுக்கினால் அந்த நிலையில் ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கேறிய நிலையிலேயே காலமெல்லாம் நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் மாட்டி, இறக்கி, பின்பக்கத்தை ஆட்டி உட்கார வைத்த பிறகு அடியில் படுத்து இறுக்குங்கள். உயர்ந்த வண்டி, இடம் தாராளமாகத்தான் இருக்கும். நான் ஒரு பக்கத்தில் மறந்துபோய் அந்தரத்திலேயே இறுக்கிவிட்டேன். நான்கு மாதத்தில் அந்தப் பக்க புஷ் மட்டும் பிதுங்கி வெளியே வந்தது.

முதல் ஓட்டம் மெதுவாக, காலி இடத்தில். பிரேக்கை மூன்று நான்கு முறை பிடித்துப் பாருங்கள், ஸ்டீயரிங்கை முழுக்க இரண்டு பக்கமும் திருப்பி டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று கேளுங்கள்.

12. அலைன்மென்ட்டும் முதல் 500 கி.மீ.யும்

முன் உயரம் மாறியதும் சக்கரங்களின் கோணம் எல்லாம் மாறியிருக்கும், டயர் சில நூறு கி.மீ.யில் ஓரம் தேயத் தொடங்கும். வேலைக்கு முன்பே அலைன்மென்ட் கடையில் நேரம் வாங்கி வைத்து, முடிந்த ஓரிரு நாளில் போய்விடுங்கள். பெரிய டயர் போடுவதானால் அதை மாட்டிக்கொண்டு போங்கள், இரண்டாம் முறை காசு மிச்சம். அறிக்கையில் “சரிசெய்யும் முன்”, “சரிசெய்த பின்” இரண்டு அளவும் அச்சாக வர வேண்டும். “சரி பண்ணியாச்சு” என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள்.

ஹெட்லைட்டும் உயர்ந்திருக்கும். எதிரே வருகிறவர்கள் உங்களைத் திட்டும் முன் இறக்கிக்கொள்ளுங்கள். 31 அங்குல டயர் போட்டிருந்தால் மேலே சொன்ன 235 டயரோடு ஒப்பிட, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 107இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கி.மீ. கணக்கும் அதே அளவு குறைவாகத்தான் ஏறும், மைலேஜ் குறைந்துவிட்டது என்று பயப்படும் முன் அதைக் கூட்டிப் பாருங்கள்.

புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் கொஞ்சம் உட்காரும். என்னுடையது 8 மி.மீ. இறங்கி நின்றது. சக்கர நட்டுகளை 100 கி.மீ.யில் மறுபடி இறுக்குங்கள். யூ போல்ட்டுகளை 100லும் 500லும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் முதல்முறை நான்கு நட்டும் கால் சுற்றுக்கு மேல் ஏறின. 500இல் ரெஞ்ச் வைத்ததுமே ‘கிளிக்’ என்றது, ஒன்றும் நகரவில்லை.